எண்ணிக்கை குறைந்தது, எஞ்சிய மரணங்களுக்கு யார் பொறுப்பு?

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி மக்களவையில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, ஐந்து நோய்களுக்கு நாள் குறித்தார். காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலும் யானைக்கால் நோயும் அந்த ஆண்டுக்குள், தொழுநோய் 2018-க்குள், தட்டம்மை 2020-க்குள், காசநோய் 2025-க்குள் ஒழிக்கப்படும் என்பது அன்று அவைக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழி.

கருங்காய்ச்சலுக்கு நாள் குறிக்கப்பட்டது அதுவே முதல் முறையன்று. 2002-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை 2010-ஐக் கெடுவாக வைத்தது. அது தவறியது. பின்னர் 2015 என்றார்கள், 2017 என்றார்கள், 2020 என்றார்கள், இறுதியாக 2023 என்றார்கள். கெடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தாலும் நோய் குறைந்துகொண்டே வந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1992-இல் நாடு முழுவதும் 77,102 பேர் நோயுற்று, 1,419 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு கூறுகிறது. 2023-இல் நோயுற்றோர் 595, இறந்தோர் 4. பிகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களின் 54 மாவட்டங்களில் இந்நோய் நிலவும் வட்டாரங்கள் 633. அவை அனைத்திலும் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகவே நோய் காணப்படும் நிலை 2023-இல் எட்டப்பட்டது. இந்த நிலையைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் காத்துக்கொண்டால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழை இந்தியா கோர முடியும். அண்டை நாடான வங்கதேசம் 2023 அக்டோபரிலேயே அச்சான்றிதழைப் பெற்று, உலகில் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து அகற்றிய முதல் நாடாகிவிட்டது.

இது சாதாரணச் சாதனையன்று. சுவர்களுக்கு மருந்தடித்த கூலித் தொழிலாளர்களும், வீடு வீடாகச் சென்ற ஆஷா பணியாளர்களும், முசாபர்பூரிலும் பாட்னாவிலும் ஆய்வு செய்த மருத்துவர்களும் இதற்குப் பாராட்டப்பட வேண்டியவர்கள். ஆனால், 77 ஆயிரம் பேர் நோயுற்றிருந்த காலத்தில் கேட்க இயலாதிருந்த ஒரு கேள்வியை, 595 பேர் நோயுற்ற காலத்தில் கேட்டே ஆக வேண்டும். பரிசோதனை பத்து, இருபது நிமிடங்களில் முடிகிறது. மருந்து இருக்கிறது, பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒரே வேளை மருந்தேற்றல் போதும், அரசு மருத்துவமனையில் அது இலவசம். அப்படியிருந்தும் இந்த நோயால் ஒருவர் இறக்கிறார் என்றால் அவர் யார்? எதனால் இறக்கிறார்?

நாடாளுமன்றத்தில் இந்நோய் பற்றிய வினாக்களுக்கு மாநில வாரியாக நோயாளிகளின் எண்ணிக்கை விடையாக வருகிறது. இறந்தவர்களின் எண்ணிக்கையும் ஒரு பத்தியில் வருகிறது. இறந்தவர்கள் எத்தனை நாள் காய்ச்சலுக்குப் பின் மருத்துவமனைக்கு வந்தார்கள், அவர்களுக்கு வேறு என்ன நோய் இருந்தது, முதலில் அவர்களைப் பார்த்தவர் என்ன நோய் என்று சொன்னார் என்பன அந்த அட்டவணையில் இடம் பெறுவதில்லை. எஞ்சியுள்ள மரணங்களின் காரணம் இந்த விடுபட்ட விவரங்களில்தான் இருக்கிறது.

கருங்காய்ச்சல் எவ்வாறு கொல்கிறது என்பதை அறிந்தால் இது தெளிவாகும். ஈரமான மண் சுவர்களின் வெடிப்புகளிலும் மாட்டுக் கொட்டில்களிலும் வாழும் மணல் ஈ என்ற சிறு பூச்சி கடிப்பதால் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி உடலுக்குள் செல்கிறது. ஒட்டுண்ணி புகுந்த எல்லோரும் நோயுறுவதில்லை. பெரும்பாலோரின் உடல் அதை அடக்கிவிடுகிறது. அடக்க முடியாதவர்களின் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் அது பெருகுகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், உடல் மெலிவு, வயிற்றின் இடப்புறம் புடைக்கும் மண்ணீரல் ஆகியவை அடையாளங்கள். மஜ்ஜை செயலிழக்கும்போது சிவப்பணு குறைந்து ரத்தசோகை முற்றுகிறது. வெள்ளணு குறைவதால் நிமோனியா போன்ற பிற தொற்றுகள் எளிதில் பற்றுகின்றன. தட்டணு குறைவதால் மூக்கிலும் ஈறுகளிலும் குடலிலும் ரத்தம் கசிகிறது. சிகிச்சை பெறாதவர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் இறந்துவிடுவர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆக, நோயாளியின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது ஒட்டுண்ணி நேரடியாக அன்று. அது திறந்துவிடும் கதவின் வழியே நுழையும் பிற தொற்றும், ரத்தக் கசிவும், ரத்தசோகையுமே. எனவேதான் யாருக்கு இந்நோய் கடுமையாகும், யார் இறப்பர் என்பதைப் பெருமளவுக்கு முன்கூட்டியே சொல்ல முடிகிறது. பிரேசிலிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இந்தியத் துணைக்கண்டத்திலும் நடந்த ஆய்வுகள் கூறும் அபாயக் குறிகள் ஏறத்தாழ ஒன்றையே சுட்டுகின்றன. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள், கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ளவர்கள், கடும் ரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் முதல் வரிசையில் நிற்கின்றனர். மஞ்சள் காமாலை, உடல் வீக்கம், மூச்சுத் திணறல், ரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஆபத்து அருகில் வந்துவிட்டது என்று பொருள். எச்.ஐ.வி., காசநோய், நிமோனியா ஆகியவற்றில் ஒன்று உடனிருந்தால் ஆபத்து பன்மடங்காகும். இவை அனைத்தையும் வளர்த்துவிடுவது காலதாமதம்.

இந்தக் குறிகளில் பெரும்பாலானவற்றைக் கண்டறிய உயர்தர ஆய்வகம் தேவையில்லை. வயது, எடை, கண்ணின் நிறம், காலின் வீக்கம், மூச்சின் வேகம், ஓர் எளிய ரத்தப் பரிசோதனை ஆகியவை போதும். பிரேசில் நாட்டின் சுகாதார அமைச்சகம் இத்தகைய குறிகளுக்கு மதிப்பெண் அளித்து, நோயாளி மருத்துவமனைக்குள் வரும்போதே அவர் எந்த அளவு ஆபத்தில் இருக்கிறார் என்பதைக் கணிக்கும் முறையைத் தன் மருத்துவர்களுக்கு வழங்கியுள்ளது. அங்குள்ள ஒட்டுண்ணியின் இனம் வேறு. மரண விகிதமும் இந்தியாவைவிடப் பல மடங்கு அதிகம். எனவே அந்த மதிப்பெண் அட்டவணையை அப்படியே இங்கே பெயர்த்து வைப்பது பொருந்தாது. ஆயினும் அதன் அடிப்படை எண்ணம் எடுத்துக்கொள்ளத் தக்கது. நோயாளி என்று எண்ணிப் பதிவு செய்வதோடு, இறக்கக்கூடியவர் யார் என்று முதல் நாளிலேயே பிரித்தறிவது என்பதே அது.

அபாயக் குறிகளில் எச்.ஐ.வி.யைத் தனியே பேச வேண்டியுள்ளது. எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்குக் கருங்காய்ச்சல் நோயாக முற்றும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் நூறு மடங்குக்கும் அதிகம் என்று கணிக்கப்பட்டுள்ளது. எப்போதோ உடலில் புகுந்து அடங்கிக் கிடந்த ஒட்டுண்ணியையும் எச்.ஐ.வி. எழுப்பிவிடும். நோய் தீர்ந்ததாக எண்ணியபின் மீண்டும் மீண்டும் தாக்கும். பிகாரின் வைசாலி மாவட்டத்தில் கருங்காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்ற 14 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பட்ட ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அவர்களில் 100-க்கு 5 முதல் 6 பேருக்கு எச்.ஐ.வி. இருந்ததையும், அவர்களுள் கணிசமானோர் அதுவரை அதை அறியாதிருந்ததையும் அது காட்டியது. இவர்களுக்கு ஒற்றை வேளை மருந்தேற்றல் போதாது. பாட்னாவில் உள்ள ராஜேந்திர நினைவு மருத்துவ அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த ஆய்வின் அடிப்படையில், லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின்-பி, மில்டெஃபோசின் ஆகிய இரு மருந்துகளை இணைத்து 14 நாள்கள் அளிக்குமாறு 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால்தான் இந்தச் சிகிச்சை கிடைக்கும். பரிசோதிக்காமல் விட்டால், அவர் சாதாரண நோயாளிகளின் வரிசையில் நின்று மருந்து பெற்று, வீடு திரும்பி, அடுத்த ஆண்டு மீண்டும் நோயுறுவார்.

பெண்களின் நிலை மற்றொரு பாடம். வங்கதேசத்தின் மைமன்சிங் மாவட்டத்தில் ஒரு கிராமச் சமூகத்தில் நடந்து 2003-இல் வெளிவந்த ஆய்வில், இந்நோயுற்ற பெண்களிடையே மரண விகிதம் ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. பெண்ணின் உடலில் ஒட்டுண்ணி அதிகக் கொடுமை செய்கிறது என்பதன்று இதன் முழுப் பொருள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவளுக்கும், கடைசியாக மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுபவளுக்கும் ரத்தசோகையும் காலதாமதமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. கர்ப்பிணிக்கு மில்டெஃபோசின் கொடுக்கலாகாது. கருவுக்குக் கேடு செய்யும். ஆகையால் மருந்துத் தேர்விலும் அவளுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. பிகாரில் இந்நோய் மிகுதியாகத் தாக்கிய சமூகங்களுள் ஒன்று முசாஹர் எனப்படும் தலித் மக்கள். மண் வீடு, நிலமின்மை, அரைப்பட்டினி ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தையே மணல் ஈ தேடி வருகிறது.

இந்த வறுமை பிகாரின் எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை. வேலை தேடி ரயிலேறிப் போகிறது. அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று பெங்களூரு. அந்நகரின் நீலசந்திரா தமிழ் வாசகர்களுக்குப் புதிய பெயரன்று. சாந்திநகர் சட்டப்பேரவைத் தொகுதியில், ஆஸ்டின் டவுனுக்கும் விவேக் நகருக்கும் அருகே, தமிழும் உருதுவும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் நெருக்கமான குடியிருப்பு அது. பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. வாடகை குறைந்த ஒற்றை அறைகள் கொண்ட இத்தகைய பகுதிகள்தாம், இன்று கட்டுமானத் தொழிலுக்கும் உணவு விடுதி வேலைக்கும் காவல் பணிக்கும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பெங்களூருவுக்கு வருவோருக்குப் புகலிடமாகின்றன.

நீலசந்திராவில் கருங்காய்ச்சல் பரவுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இந்நோய் நிலவும் நான்கு மாநிலங்களில் கர்நாடகம் இல்லை. கேரளத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் லீஷ்மேனியா நோய் அவ்வப்போது கண்டறியப்பட்டுள்ளது என்றாலும், தென்னகத்தில் இது அரிய நோயே. அதன் அருமைதான் இங்கே ஆபத்தாகிறது.

வடக்கு பிகாரின் ஒரு கிராமத்திலிருந்து வந்து நீலசந்திராவில் தங்கியிருக்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். மழைக்காலத்தில் நடவு வேலைக்காக ஊருக்குப் போய்த் திரும்புகிறார். மணல் ஈ கடித்தபின் நோய் வெளிப்பட வழக்கமாக 2 முதல் 6 மாதங்கள் ஆகும். சிலருக்கு அதனினும் மிகும். காய்ச்சல் தொடங்கும்போது அவர் பெங்களூருவில் கட்டட வேலையில் இருப்பார். ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவார். குறையாவிட்டால் தெருமுனை மருத்துவரிடம் போவார். டைஃபாய்டு என்று ஒரு வாரம், மலேரியா என்று ஒரு வாரம், காசநோயோ என்று ஒரு மாதம் கழியும். மண்ணீரல் பெருத்து, ரத்த அணுக்கள் எல்லாம் குறைந்த நிலையில் பெரிய மருத்துவமனைக்குப் போனால் ரத்தப் புற்றுநோயோ என்ற ஐயம் முதலில் எழும். எந்த மாவட்டத்திலிருந்து வந்தீர், கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர் என்ற இரண்டு கேள்விகளை அவர் மொழியில் யாரேனும் கேட்டிருந்தால், ஒரு துளி ரத்தத்தில் செய்யும் ஆர்கே-39 விரைவுப் பரிசோதனை விடை தந்திருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட காய்ச்சல், பெருத்த மண்ணீரல், நோய் நிலவும் பகுதியோடு தொடர்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் கருங்காய்ச்சலை ஐயுற வேண்டும் என்பது பிகாரின் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியருக்கும் தெரியும். தென்னகத்தின் பெரு நகரங்களில் சிறந்த மருத்துவர்களுக்கும் அது முதலில் நினைவுக்கு வருவதில்லை. அவர்கள் அந்நோயாளியைக் கண்டதில்லை என்பதே காரணம். ஆக, நோய் குறையக் குறைய அதை அறிந்த கண்களும் குறைகின்றன. ஒழிப்புத் திட்டங்களின் வெற்றிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் முரண் இது.

இந்த நோயைத் தென்னகம் மறந்திருப்பதுதான் விந்தை. கருங்காய்ச்சலின் கிருமியைக் கண்டுபிடித்த வரலாற்றில் சென்னைக்கு நிலையான இடம் உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பாடம் சொல்லித்தந்த சார்லஸ் டோனவன், 1903 ஜூன் 17-ஆம் தேதி காய்ச்சலுற்ற ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த ரத்தத்தில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார். கொல்கத்தா அருகே டம் டம்மில் பணியாற்றி, இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அதையே கண்ட வில்லியம் லீஷ்மன், 1903 மே மாத இறுதியில் தம் குறிப்பை வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டவர், மலேரியாவின் வழியைக் கண்ட ரொனால்டு ராஸ். அக்காலத்தில் சென்னை ஜார்ஜ் டவுன் பகுதியில் இந்நோய் இருந்தது. டோனவன் கண்டறியும் வரை இத்தகைய நோயாளிகள் நாள்பட்ட மலேரியா நோயாளிகள் என்றே எண்ணப்பட்டு, அதற்குரிய மருந்தே பெற்று வந்தனர். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் தென்னகத்தில் ஒரு பிகார் தொழிலாளிக்கு அதே தவறு நேரக்கூடும் என்பது டோனவனின் நகரத்துக்குப் பெருமை தருவதன்று.

மக்கள் நடமாட்டத்தோடு இந்நோய் பயணம் செய்வதும் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்திலிருந்து பிரம்மபுத்திரப் பள்ளத்தாக்கின் பாதைகள் வழியே அஸ்ஸாமுக்குள் அது பரவியது. 1891-க்கும் 1901-க்கும் இடையே அங்குள்ள நவ்காவ் மாவட்டம் தன் மக்கள்தொகையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தது. இந்நோயே அதற்கு முதற்காரணம். தெற்கு சூடானின் மேற்கு மேல் நைல் பகுதியில் 1984 முதல் பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இதனால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. போர், இடப்பெயர்வு, பட்டினி, மருத்துவமின்மை ஆகியவை சேர்ந்தால் இந்நோய் என்ன செய்யும் என்பதற்கு அது சான்று. இந்தியாவிலேயே, 1950-களில் மலேரியாவுக்காக அடிக்கப்பட்ட டி.டி.டி. மருந்தால் கருங்காய்ச்சலும் ஏறக்குறைய மறைந்தது. மருந்தடிப்பு நின்றது, கண்காணிப்பு தளர்ந்தது. 1970-களில் பிகாரில் அது பெருந்தொற்றாகத் திரும்பி வந்தது. வென்றுவிட்டோம் என்ற எண்ணமே தோல்விக்கு வித்தானது அப்போதைய அனுபவம்.

இப்போதைய கணக்கிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வட்டாரத்தில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுகோல், நோய் எங்கே பரவுகிறது என்பதை அளக்கும். நோயுற்றவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை அளக்காது. சொந்த வட்டாரத்தில் கண்டறியப்படாமல் வெளிமாநிலத்தில் வேறு நோயின் பெயரால் இறக்கும் ஒருவர், எந்த மாநிலத்தின் கணக்கிலும் வரமாட்டார். 2000-களில் பிகாரில் நடந்த ஆய்வுகள், உண்மையான நோயாளிகள் அரசுக் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம் என்று காட்டியதை மறக்கலாகாது. 2021 முதல் 2030 வரைக்கான உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம், இந்நோய்க்கு மரண விகிதத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறது. முதன்மைக் கருங்காய்ச்சலால் நேரும் இறப்பு 100-க்கு 1-க்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. 595 பேரில் 4 பேர் என்ற 2023-ஆம் ஆண்டுக் கணக்கு அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் 'முதன்மை' என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். மீண்டும் மீண்டும் நோயுறுவோரும் எச்.ஐ.வி. உடனுள்ளோரும் கணக்கின் ஓரத்துக்குத் தள்ளப்படும் அபாயம் அதில் உண்டு. அதிகம் இறப்பவர்களை ஓரத்தில் வைத்துவிட்டு மரணம் குறைந்தது என்று சொல்வதில் பயனில்லை.

செய்ய வேண்டியவை அரிய செயல்கள் அல்ல. முதலாவதாக, கருங்காய்ச்சலால் நேரும் ஒவ்வொரு மரணமும் தனித்தனியே விசாரிக்கப்பட வேண்டும். பிரசவத்தில் தாய் இறந்தால் காரணம் ஆராயும் முறை நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்குச் சில மரணங்களை அவ்வாறு ஆராய்வது எந்த மாநிலத்துக்கும் சுமையாகாது. காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடையே எத்தனை நாள்கள், எத்தனை மருத்துவர்கள், எத்தனை ரூபாய் என்ற மூன்று விவரங்களும் அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். தனிப்பட்டவரின் அடையாளத்தை மறைத்து அந்த அறிக்கைகளின் சாரத்தை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கலாம்.

இரண்டாவதாக, கருங்காய்ச்சல் உறுதியானவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், எச்.ஐ.வி., காசநோய் பரிசோதனைகளும், எடை, ரத்தசோகை அளவீடும் முதல் நாளிலேயே நடைபெற வேண்டும். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து 2004 ஏப்ரல் முதல் அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. இரு துறைகளும் ஒரே நோயாளியின் ஏட்டைப் பகிர்ந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அபாயக் குறி உள்ளவரை ஒரு வேளை மருந்தேற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பாமல், ரத்தம் ஏற்றவும் பிற தொற்றுக்கு மருந்து தரவும் வசதியுள்ள மாவட்ட மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவதாக, உணவு. காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2018-இல் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கருங்காய்ச்சல் நோயாளிக்கு பிகாரில் மாநில அரசின் 6,600 ரூபாயும் மத்திய அரசின் 500 ரூபாயும் சேர்த்து 7,100 ரூபாய் இழந்த கூலிக்கு ஈடாக வழங்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அதே பிகார் தொழிலாளி பெங்களூருவிலோ திருப்பூரிலோ நோயுற்றால், ஊர் திரும்பாமலே அந்த உதவி அவரைச் சென்றடைய வழி செய்யப்பட வேண்டும். எடை இழந்து எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு மருந்து பாதி, சோறு பாதி.

நான்காவதாக, நோய் இல்லாத மாநிலங்களின் ஆயத்தம். ஆர்கே-39 பரிசோதனைப் பட்டையும், லைப்போசோமல் மருந்தும் மாநிலத்துக்கு ஒன்றிரண்டு மையங்களிலாவது இருப்பில் இருக்க வேண்டும்; அவை எங்கே உள்ளன என்பது ஒவ்வொரு மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது இதே மருந்துக்கு நாடு முழுவதும் ஏற்பட்ட தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. கர்நாடகத்தின் 'நம்ம கிளினிக்' போன்ற நகர்ப்புறச் சிறு மருத்துவமனைகளில், நீடித்த காய்ச்சலோடு வருவோரிடம் சொந்த மாவட்டத்தைக் கேட்டுப் பதிவு செய்யும் பழக்கம் வந்தாலே போதும். நீலசந்திராவில் அந்தக் கேள்வியை இந்தியில் கேட்க ஓர் ஊழியர் கிடைப்பது அரிதன்று.

இதில் மத்திய அரசுக்குள்ள பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால், தொற்று நோய்கள் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பது அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில் பொதுப் பட்டியலின் 29-ஆவது இனம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இலவச மருத்துவ வசதி அளிக்க வேண்டியது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979-ஆம் ஆண்டின் சட்டமே கூறியது. அச்சட்டம் பின்னர் 2020-இல் நிறைவேற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் இணைக்கப்பட்டது. சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் குரல்தான் குறைவு. வாக்கு பிகாரில், வியர்வை பெங்களூருவில் என்றிருப்பவருக்காக எந்தத் தொகுதியின் உறுப்பினர் எழுந்து பேசுவார்?

ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொட்டாலோ இருமினாலோ பரவாது. வெளிமாநிலத்தவர் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று பேசத் தொடங்கினால், நோயுற்றவர் ஊரைச் சொல்ல அஞ்சுவார். ஊரைச் சொல்லாவிட்டால் நோய் தெரியாது. நோய் தெரியாவிட்டால் அவர் இறப்பார். பிழைப்புக்காகப் பிற மாநிலம் போய் இழிசொல் கேட்ட அனுபவம் தமிழர்களுக்கும் உண்டு. நீலசந்திராவின் பழைய குடும்பங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சான்றிதழ் கிடைக்கும் நாளில் தில்லியில் விழா எடுக்கப்படும். எடுக்கட்டும். ஆனால், அதற்கு முன் அவையில் ஓர் உறுப்பினராவது எழுந்து, கடைசியாக இந்நோயால் இறந்தவர் எத்தனை நாள் காய்ச்சலோடு அலைந்தார் என்று கேட்க வேண்டும். அதற்கு அமைச்சரிடம் விடை இருக்குமானால், நாடு கருங்காய்ச்சலை வென்றுவிட்டது என்று நம்பலாம்.